தூறல் லைனில் இருக்கிறாள்!

"ஐயோ...!"

அச்சகத்தின் பின்கட்டிலிருந்து கிளம்பிய அந்த அலறலில், எதிர்க்கடையில் எடை போட்டுக்கொண்டிருந்தவர் தூக்கிய தராசோடு அப்படியே நின்றுபோனார்.

அலறியவர் பைண்டர். மெஷின் இரைச்சலிலேயே வேலை பார்த்துப் பாதிக் காதைத் தொலைத்தவர்.

ஆறு மணிக்கு அவர் புத்தகக் கட்டுகளை சைக்கிளில் ஏற்றிக்கொண்டு டெலிவரிக்குக் கிளம்பியபோது முதலாளி உயிரோடு இருந்தார். "சீக்கிரம் வந்து சேருய்யா..." என்று அதட்டலோடுதான் அனுப்பினார்.

ஏழு மணிக்குத் திரும்பி வந்தால்...

முதலாளி காகிதம் வெட்டும் மெஷினுக்கு அடியில் கிடந்தார். குப்புற! பின்னந்தலையில் ரத்தம். பக்கத்தில் ஒரு இரும்புச் சட்டம்.

அரை மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார்.

ஆறடி உயரம். இஸ்திரி கலையாத யூனிபார்ம். பிணத்துக்குப் பக்கத்தில் வந்ததும் இரண்டு கைகளையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். எந்தப் பிணமானாலும் அவர் அப்படித்தான் நிற்பார். 'என்ன ஸ்டைல்டா...!' என்று கான்ஸ்டபிள்கள் தங்களுக்குள் வியந்துகொள்வார்கள்.

"பின்கதவு திறந்திருக்கு. பூட்டு உடையல. சாவி யார்கிட்ட?"

"ரெண்டு சாவி சார்," என்றார் பைண்டர் நடுங்கியபடி. "ஒண்ணு முதலாளிகிட்ட. இன்னொண்ணு அவரு தம்பிகிட்ட."

"தம்பி எப்படி?"

"வீட்டுலயே கம்ப்யூட்டர் வச்சு டைப் பண்ணிக் குடுக்கறவர் சார். தனிக்கட்டை. இன்னைக்கு மத்தியானம் ரெண்டு பேருக்கும் பெரிய சண்டை. 'நாளைக்குக் காலையில நானே போலீசுக்குப் போறேன்டா'ன்னு முதலாளி கத்தினார்."

"எதுக்கு?"

"தெரியல சார். எனக்குக் கத்தினாதான் கேக்கும். காரணத்தை மெதுவா பேசிட்டாங்க."

இன்ஸ்பெக்டருக்குப் பின்னால் நின்ற கான்ஸ்டபிள் தொண்டையைக் கனைத்தான். ஸ்டேஷனில் அவனுக்குப் பெயர் 'ரேடியோ'. காதில் விழுந்ததை ஊர் முழுக்க ஒலிபரப்பாமல் அவனுக்குத் தூக்கம் வராது.

"கேஸ் முடிஞ்சுது சார்! தம்பியைத் தூக்கிடலாமா?"

"தூக்கு," என்றார் இன்ஸ்பெக்டர்.

கைகள் இன்னும் பாக்கெட்டுக்குள்ளேயே இருந்தன.

*

மறுநாள் காலை.

ஸ்டேஷனின் பின்னறையில் ஒரு மேஜை, மூன்று நாற்காலிகள், கழுத்து ஆடும் ஒரு ஃபேன்.

எதிரே தம்பி. முப்பது வயசு. அடர்த்தியான மீசை. இரவெல்லாம் லாக்கப்பில் தூங்காமல் கண்கள் சிவந்திருந்தன.

"நேத்து சாயங்காலம் ஆறுலேர்ந்து ஏழு வரைக்கும் எங்க இருந்தே?"

"வீட்டுல சார்."

"யாரு சாட்சி?"

"ஒருத்தர் இருக்கார் சார். ஆனா... அவர் யாருன்னு எனக்குத் தெரியாது."

வாக்குமூலம் எழுதிக்கொண்டிருந்த ரேடியோ பேனாவை நிறுத்திவிட்டுச் சிரித்தான்.

"சாட்சி யாருன்னு சாட்சிக்காவது தெரியுமாடா?"

"கிண்டல் பண்ணாதீங்க சார். நான் கம்ப்யூட்டர்ல ஒருத்தரோட பேசிட்டிருந்தேன். போன் லைன்ல மோடம்னு ஒரு பெட்டியை மாட்டி, டெர்மினல் சாப்ட்வேர்னு ஒண்ணைப் போட்டா..."

"தெரியும். மேல சொல்லு," என்றார் இன்ஸ்பெக்டர்.

தெரியாமல் என்ன? அவர் வீட்டிலேயே ஒன்று இருக்கிறதே!

பழைய குற்றவாளிகளின் விவரங்களைத் தலைமையகக் கம்ப்யூட்டரிலிருந்து போன் வழியாக எடுத்துப் பார்ப்பதற்காக, ஆறு மாதங்களுக்கு முன் டிபார்ட்மென்ட் கொடுத்த மெஷின் அது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. டயல் செய்தால் மோடம் கீச்சென்று ஒரு கூப்பாடு போட்டுவிட்டு, எங்கோ இருக்கும் இன்னொரு கம்ப்யூட்டரோடு கைகோத்துக்கொள்ளும்.

"டவுன்ல ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரர் 'சந்திப்பு'ன்னு ஒரு அரட்டைப் பலகை நடத்தறார் சார். நாலஞ்சு போன் லைன். யார் வேணா டயல் பண்ணி உள்ள வரலாம். இங்கிலீஷ் எழுத்துல தமிழை டைப் பண்ணிப் பேசிக்கலாம். யாருக்கும் சொந்தப் பேரு கிடையாது. எல்லாம் புனைபெயர்தான்."

இன்ஸ்பெக்டர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நேத்து யார்கூடப் பேசினே?"

"'மெழுகு'ன்னு ஒருத்தர் சார்."

மெழுகு...!

இன்ஸ்பெக்டரின் கைகள் தாமாகவே பாக்கெட்டுக்குள் போயின.

காரணம் இருந்தது. மெழுகு வேறு யாருமில்லை... அவரேதான்!

"மெழுகா?" ரேடியோ குஷியாகிவிட்டான். "அப்ப உன் பேரு என்னடா? தீப்பெட்டியா?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

"வெக்கமா இருக்கு சார்."

"கொலைக் கேஸ்ல உக்காந்துட்டு வெக்கம் என்னடா வெக்கம்? சொல்லு!"

"...தூறல்."

ஃபேன் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

இன்ஸ்பெக்டர் அந்த மீசையைப் பார்த்தார். பார்க்கக் கூடாது என்று நினைத்தும் பார்த்தார். மூன்று மாதங்களாக, தினமும் மாலை ஆறு மணிக்கு, எந்த முகத்தைக் கற்பனை செய்துகொண்டு விசைப்பலகையின் முன் உட்கார்ந்தாரோ... அந்த முகத்தில் இவ்வளவு பெரிய மீசை!

"பொம்பளைப் பேருல வந்தியா?" ரேடியோ தொடையைத் தட்டினான். "அதை நம்பி ஒருத்தன் பேசினானா? சார், அந்த மெழுகு எவ்வளவு பெரிய மாங்கா மடையனா இருக்கணும் சார்!"

"சொல்றதை மட்டும் எழுது," என்றார் இன்ஸ்பெக்டர். குரல் அவருடையதாக இல்லை.

"என்னடா பேசினான் அந்த மெழுகு?" என்றான் ரேடியோ.

"அவருக்குப் பொணத்தைப் பார்த்தா கை நடுங்குமாம் சார். யாருக்கும் தெரியக் கூடாதுன்னு பாக்கெட்டுக்குள்ள விட்டுக்குவாராம். பொண்டாட்டிகிட்டகூட சொன்னதில்லையாம். அவகிட்ட எதைச் சொல்ல ஆரம்பிச்சாலும் பாதியிலேயே அவ அக்காவுக்குப் போன் பண்ண எழுந்து போயிடுவாளாம்."

"பாவம், ஆஸ்பத்திரி ஆளா இருப்பான் போல," என்று எழுதிக்கொண்டே சொன்னான் ரேடியோ. "அப்புறம்?"

"கடைசியில ஒரு கவிதை சொன்னார்."

"போதும்!" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இருங்க சார், வாக்குமூலம் முழுசா இருக்கணும்ல? நீ சொல்லுடா."

தம்பி தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"தூறல் நீ... மெழுகு நான்... நனைந்த பிறகும் எரிகிறேன்..."

ரேடியோ சிரித்த சிரிப்பில் மேஜை ஆடியது.

இன்ஸ்பெக்டர் பாக்கெட்டிலிருந்து கைகளை மெல்ல வெளியே எடுத்தார். மேஜைக்கு அடியில் மறைத்துக்கொண்டார்.

இவன் சொல்வது அத்தனையும் உண்மை! ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. நேற்று ஆறிலிருந்து ஏழு வரை தூறல் தன்னோடுதான் பேசிக்கொண்டிருந்தாள்... இல்லை, பேசிக்கொண்டிருந்தான்!

அப்படியென்றால்... இவன் கொலைகாரன் இல்லை.

அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள், வாயைத் திறக்க முடியாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்!

*

பத்தரை மணிக்கு மேலதிகாரி வந்தார்.

ரிட்டயர்மென்ட்டுக்கு ஒரு வருடம் இருக்கும் மனிதர். எரிச்சல் அவருடைய யூனிபார்மில் ஒரு பகுதி.

"என்னய்யா இது? தூறலாம், மெழுகாம்! கதை விடறான். மத்தியானத்துக்குள்ள கோர்ட்ல நிறுத்திடு."

"ஐயா, அந்த மெழுகை விசாரிச்சுட்டு..."

"எவன்யா வருவான்? நான்தான் அந்த மெழுகுன்னு சொல்லிட்டு ஸ்டேஷன் படி ஏற எவனுக்குய்யா முகம் இருக்கும்?"

இன்ஸ்பெக்டர் ஜன்னல் பக்கம் போனார்.

வெளியே தம்பியை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இறந்தவரின் மனைவி வாசலில் நின்றிருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"உன்னைத் தோள்ல தூக்கி வளர்த்தாரேடா...!" என்று தம்பியின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "உனக்கு எப்படிடா மனசு வந்துச்சு?"

"அண்ணி, நான் இல்ல அண்ணி... சத்தியமா நான் இல்ல..."

இன்ஸ்பெக்டர் ஜன்னல் கம்பியை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வார்த்தை போதும். சொன்னால் இவன் பிழைப்பான். சொன்னால்... ஸ்டேஷன் சிரிக்கும். தெரு சிரிக்கும். வீட்டில்...?

சொல்லாவிட்டால்? தினமும் ஷேவ் செய்யக் கண்ணாடி முன்னால் நின்றுதானே ஆக வேண்டும்!

"ஐயா..."

"என்ன?"

"அந்த மெழுகு... நான்தாங்கய்யா."

மேலதிகாரி கையெழுத்துப் போடப் போனவர், பேனாவை அந்தரத்தில் நிறுத்தினார்.

"என்னய்யா சொன்னே?"

"நான்தாங்கய்யா மெழுகு."

"டிபார்ட்மென்ட் மெஷின்லயா?"

"ஆமாங்கய்யா."

"டிபார்ட்மென்ட் போன்லயா?"

"ஆமாங்கய்யா."

"அந்தக் கை நடுங்கறது...?"

"நான்தாங்கய்யா."

"அந்தக் கவிதை?"

இன்ஸ்பெக்டரின் பார்வை தரைக்கு இறங்கியது.

"...அதுவும் நான்தாங்கய்யா."

கதவோரத்தில் ஏதோ விழுந்து உடைந்தது. ரேடியோவின் கையிலிருந்த டம்ளர்!

காலையில் தான் உதிர்த்த 'மாங்கா மடையன்' நினைவுக்கு வர, அவன் சுவரோடு ஒட்டிக்கொண்டான். இன்ஸ்பெக்டரோ அவனைப் பார்க்கவே இல்லை. தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தரையில் எத்தனை டைல்ஸ் விரிசல் விட்டிருக்கின்றன என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

மேலதிகாரி ஏனோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவனை இறக்கி விடச் சொல்லுய்யா," என்றார் வெளியே பார்த்தபடி. "உன் விஷயத்தை அப்புறம் பேசிக்கறேன்."

*

மாலை ஐந்து மணி.

விஷயம் தனக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டது என்று இன்ஸ்பெக்டருக்கு வீட்டுப் படியேறும்போதே தெரிந்துவிட்டது. வாசலில் செருப்பு நேராக இருந்தது. பாத்திரச் சத்தம் இல்லை. டிவி சத்தம் இல்லை.

மனைவி ஹாலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அவருடைய காக்கி பேன்ட். கையில் ஊசி நூல்.

"ரேடியோவோட பொண்டாட்டி போன் பண்ணினா," என்றாள், நிமிர்ந்து பார்க்காமல். "அவளுக்கு முன்னாடி ரெண்டு பேர் பண்ணிட்டாங்க. கவிதையை நான் மூணு தடவை கேட்டாச்சு."

"நான் வந்து..."

"பொம்பளைன்னு நினைச்சுத்தானே பேசினீங்க?"

அவர் நின்றார். உட்காரத் தோன்றவில்லை.

"ஆமா."

"சரி. அது ஒரு பக்கம் இருக்கட்டும். கை நடுங்கற விஷயத்தை எதுக்குங்க ஒரு ஊர் பேர் தெரியாத ஆள்கிட்ட சொன்னீங்க?"

"உனக்குத் தெரிஞ்சா... நீ என்னை என்ன நினைப்பியோன்னு..."

"எனக்குத் தெரியாதா?"

அவள் பேன்ட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"எல்லா பேன்ட்லயும் பாக்கெட் தையல் மட்டும் பிரிஞ்சு வருது. மாசத்துக்கு ஒண்ணு தைக்கறேன். எதனாலன்னு எனக்குத் தெரியாதா? ஒரு நாள் நீங்களா வாயைத் திறந்து சொல்வீங்கன்னு இருந்தேன். சொன்னீங்க... ஒரு மீசைக்காரன்கிட்ட!"

பிணத்தைப் பார்த்தபோதெல்லாம் கைகள் மட்டும்தான் நடுங்கின. இப்போது உடம்பே நடுங்கியது. அவர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"அக்காவுக்குப் போன் பண்ணப் போயிடுவேனாம்," என்றாள் அவள். ஊசி வேகமாகக் குத்தியது. "பின்ன என்ன பண்றது? சாயங்காலம் ஆச்சுன்னா நீங்க அந்த ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கறீங்க. அக்காவுக்கும் போன் பண்ண முடியறதில்ல. லைனை நீங்க பிடிச்சுக்கறீங்க. நேத்துகூட ஹால் போனை எடுத்தேன். காதுல கம்பியை விட்ட மாதிரி ஒரு கீச்சு. பயந்து போய் வச்சுட்டேன்."

"ம்..." என்றார் அவர், தலைகுனிந்தபடி.

பிறகு மெல்ல நிமிர்ந்தார்.

"என்ன சொன்னே?"

"போனை எடுத்தேன்னு சொன்னேன். அதுக்கும் கோபமா?"

"நேத்தா? எப்ப?"

"நீங்க உள்ள போய் ஒரு அரை மணி நேரம் கழிச்சு."

இன்ஸ்பெக்டரின் கண்முன் அந்தப் பச்சை எழுத்துகள் ஓடின.

ஆமாம்... நேற்று பேச்சுக்கு நடுவில் திரையில் திடீரென்று கன்னாபின்னாவென்று ஒரு வரி வந்தது. அடைப்புக்குறி, சதவீதக் குறி, பாதி எழுத்து, ஒரே குப்பை! ஒரே லைனில் இன்னொரு போனை எடுத்தால் அப்படித்தான் ஆகும். அந்தக் குப்பை எதிர்ப்பக்கமும் போய்ச் சேர்ந்திருக்கும்.

அதைப் பார்த்துவிட்டுத் தூறல் என்ன சொன்னாள்?

'எவ்வளவு அழகா சொல்றீங்க!'

ஏதோ குறும்பு என்று நினைத்து அவர் அப்போது உருகிப்போனார்.

இப்போது உருகவில்லை. உறைந்துபோனார்!

தினமும் தலைமையகக் கம்ப்யூட்டரோடு இணையும்போது அது 'பெயர்?' என்று கேட்கும். அவர் விரலைக்கூட அசைக்க மாட்டார். டெர்மினல் சாப்ட்வேரே அவர் பெயரை அனுப்பும். 'கடவுச்சொல்?' என்று கேட்கும். அதையும் சாப்ட்வேரே அனுப்பும். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு வரி வந்து நின்றால், முன்கூட்டியே எழுதி வைத்த பதிலைத் தானாக அனுப்ப அதற்குச் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

பெயரை அனுப்பும் சாப்ட்வேருக்கு... 'எவ்வளவு அழகா சொல்றீங்க' என்று அனுப்ப எவ்வளவு நேரமாகும்?

"அடப்பாவி...!"

"யாரைச் சொல்றீங்க?"

"என்னைத்தான்!"

மனசுவிட்டுப் பேசியது ஒரு மீசைக்காரனிடம்கூட இல்லை. ஆளே இல்லாத ஒரு நாற்காலியிடம்! அந்த நாற்காலிக்காரன் அதே நேரத்தில் அச்சகத்தில் இரும்புச் சட்டத்தோடு நின்றிருக்கிறான். வாயைத் திறந்து அவனை வெளியே விட்டதும் இதே ஆள்தான்!

அவர் போனை எடுத்து ஸ்டேஷனுக்குச் சுழற்றினார்.

"ரேடியோ! அந்தத் தம்பியைக் கூப்பிட்டு உக்கார வை. கையெழுத்து ஒண்ணு பாக்கின்னு சொல்லு. அவன் வீட்டுக்குள்ள ஒருத்தரும் இல்லைன்னு பார்த்துட்டு, வாசல்ல ஒரு ஆளை நிறுத்து. நான் வர்ற வரைக்கும் அவனை எழுந்திருக்க விடாதே. ஏதாவது பேசிட்டே இரு."

"பேசணுமா சார்? நானா? ட்ரை பண்றேன் சார்!"

அடுத்து மேலதிகாரியின் எண்ணைச் சுழற்றினார்.

"ஐயா... நான்தான் பேசறேன். தப்புப் பண்ணிட்டேங்கய்யா. மறுபடியும்."

*

சரியாக ஆறு மணி.

அந்தச் சின்ன அறையில் மூன்று பேர். மெஷின் முன்னால் இன்ஸ்பெக்டர். பக்கத்து நாற்காலியில் மேலதிகாரி. கதவில் சாய்ந்தபடி மனைவி.

மோடம் கீச்சிட்டது. பச்சை எழுத்துகள் வரிசையாக வந்தன.

சந்திப்பு உங்களை வரவேற்கிறது. இப்போது உள்ளே இருப்பவர்கள்...

மனைவி எட்டிப் பார்த்துப் படித்தாள்.

"தூறல்!"

"அவன் ஸ்டேஷன்லதானேய்யா இருக்கான்?" என்றார் மேலதிகாரி.

"ஆமாங்கய்யா. ரேடியோ பேச்சைக் கேட்டுட்டிருக்கான். வீடு காலி. வாசல்ல நம்ம ஆள் நிக்கறான்."

இன்ஸ்பெக்டர் 'வணக்கம்' என்று தட்டினார்.

'வாங்க! உங்களுக்காகத்தான் காத்திட்டிருந்தேன்...'

மேலதிகாரியின் முகம் கறுத்தது.

"தள்ளுய்யா. நான் கேக்கறேன்."

அவர் தட்டினார்: 'உன் பெயர் என்ன?'

'ம்... அப்புறம்?'

'நான் போலீஸ்.'

'எவ்வளவு அழகா சொல்றீங்க!'

'உன்னைத் தூக்கில் போடப் போகிறேன்.'

'இந்த மாதிரி என்கிட்ட யாருமே பேசினதில்லை...'

மனைவி முன்னால் வந்தாள். ஒன்றும் சொல்லாமல் விசைப்பலகையின் மேல் முழங்கையை ஊன்றினாள். திரை முழுக்கக் குப்பை ஓடியது. எந்தக் கவலையும் இல்லாமல் 'ம்... அப்புறம்?' என்று கேட்டாள் தூறல். அடுத்த குப்பைக்கு...

'எவ்வளவு அழகா சொல்றீங்க!'

"கவிதைக்கும் இதுதான் கிடைச்சுதா?" என்றாள் மனைவி.

இன்ஸ்பெக்டர் தலையை மட்டும் ஆட்டினார். காது மடல்கள் சுட்டன.

மேலதிகாரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம்.

"ஏன்யா... இது வர்றவங்க எல்லார்கிட்டயும் இதையேதான் சொல்லுமா?"

"எல்லார்கிட்டயும்தாங்கய்யா."

"அந்த... யாருமே பேசினதில்லைங்கறதும்?"

"அதுவும்தாங்கய்யா."

மேலதிகாரி எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

"வாய்யா, ஸ்டேஷனுக்கு. அவனை இன்னைக்கு..."

பல்லைக் கடித்த சத்தம் வெளியே கேட்டது.

இன்ஸ்பெக்டர் கிளம்பும்போது மனைவி பேன்ட்டை நீட்டினாள்.

"பாக்கெட்டை அடைச்சுத் தச்சுட்டேன்," என்றாள். "இனிமே கையை வெளியில வச்சுக்கிட்டே வேலை பாருங்க. நடுங்கினா நடுங்கட்டும்."

*

ஸ்டேஷனில் தம்பி கிட்டத்தட்ட மயங்கும் நிலையில் இருந்தான். ரேடியோ நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தான்.

"எழுந்திருடா," என்றார் இன்ஸ்பெக்டர். "உன் வீட்டுல ஆள் இல்ல. ஆனா தூறல் லைன்ல இருக்கா."

தம்பியின் கண்கள் கடிகாரத்துக்குப் போயின. ஆறே முக்கால். முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கோ வடிந்துபோனது.

"சார்... அது..."

"தினமும் ஆறு மணிக்குத் தானா டயல் பண்ணி, தானா பேசற மாதிரி வச்சிருக்கே. அதை நிறுத்த மறந்துட்டே. இல்ல?"

தம்பி உட்கார்ந்தான். உட்கார்ந்தான் என்பதைவிடச் சரிந்தான்.

"அண்ணி வீட்டுல அவ்வளவு கூட்டம் சார்... அவங்க அழறதைப் பார்த்துட்டு மெஷின் ஞாபகமே வரல."

"எதுக்குடா கொன்னே?"

"பரீட்சை வினாத்தாள் சார். அண்ணன் அச்சகத்துக்குத்தான் வந்துச்சு. ஒண்ணை நான் வெளியில விட்டுட்டேன். அவர் கண்டுபிடிச்சுட்டார். 'நம்ம அப்பா பேரைக் கெடுத்துட்டியேடா, காலையில போலீசுக்குப் போறேன்'னார். மத்தியானமெல்லாம் கெஞ்சினேன். சாயங்காலம் போய்க் கால்ல விழுந்தேன். திரும்பிக்கிட்டார். அப்பத்தான் அந்த இரும்பு கையில..."

அவன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

"நான் சொன்னதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"வீட்டுக்கு வந்ததும் ஸ்க்ரீன்ல மேல தள்ளிப் படிச்சேன் சார்."

"அப்ப... மூணு மாசமா என்கூடப் பேசினது?"

"பாதி நாள் நான் பேசுவேன் சார். டைப்பிங் வேலை இருந்தா மெஷின் பேசும்."

"எது நீ... எது மெஷின்?"

தம்பி கண்களைத் துடைத்துக்கொண்டு யோசித்தான்.

"குறுக்க பேசாம, பொறுமையா கேட்டுச்சுல்ல சார்... அதெல்லாம் மெஷின்தான்."

ரேடியோ வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டான். இன்ஸ்பெக்டருக்கு அறையின் நான்கு சுவர்களும் தன்னையே பார்ப்பது போலிருந்தது.

"ஒண்ணு மட்டும் சொல்லு. அவ்வளவு பேர்ல என்னை எதுக்குடா சாட்சியா பிடிச்சே? நான் யாருன்னு தெரியாமதானே?"

"தெரியும் சார்."

"என்னது?"

"முதல் நாளே தெரியும் சார்! ஒரு மெஷின் இன்னொரு மெஷினைப் பார்த்து 'நீ யாரு?'ன்னு கேக்கற ஒரு சிக்னல் இருக்கு. ரெண்டு கீயைச் சேர்த்து அழுத்தினா போதும். அந்தப் பக்கம் இருக்கிற சாப்ட்வேர் ஆளைக் கேக்காமலே பதில் சொல்லிடும். உங்க டெக்னீஷியன் அதுல உங்க பதவி, ஸ்டேஷன் எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கார். நீங்க மெழுகுன்னு வணக்கம் சொல்றதுக்கு முன்னாடியே, இன்ஸ்பெக்டர்னு உங்க மெஷின் சொல்லிடுச்சு சார்!"

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க வாயைத் திறக்க மாட்டீங்கன்னு நினைச்சேன். வெக்கத்துக்குப் பயந்து, எவனோ திருடன்னு எழுதி கேஸை மூடிடுவீங்கன்னு நினைச்சேன். ஆனா இப்படி எல்லார் முன்னாடியும்... சத்தியமா எதிர்பார்க்கல சார்."

"நான் வாயைத் திறந்தேன்," என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக. "அதனால வீட்டுக்குத் தெரிஞ்சுது. வீட்டுக்குத் தெரிஞ்சதாலதான் உன் தூறலோட குட்டு உடைஞ்சுது. திறக்காம இருந்திருந்தா..."

அவர் தன் கைகளைப் பார்த்தார். வெளியேதான் இருந்தன. லேசாக நடுங்கின. மறைக்கவில்லை.

மேலதிகாரி தொண்டையைச் செருமினார்.

"ஒரு சந்தேகம்டா. அந்த... தானா பதில் சொல்ற சமாச்சாரம். இன்ஸ்பெக்டர் மெஷின்ல மட்டும்தானே?"

"டிபார்ட்மென்ட் மெஷின் எல்லாத்தையும் ஒரே டெக்னீஷியன்தான் செட் பண்ணியிருக்கார் ஐயா. எல்லாமே சொல்லும்."

"எல்லாமேன்னா...?"

தம்பி எழுந்து நின்றான். மிகுந்த மரியாதையோடு கேட்டான்.

"ஐயா... நீங்க 'புள்ளிமான்'தானே?"



மேலதிகாரியின் நெற்றியில் வியர்வை பூத்தது. இன்ஸ்பெக்டர் அவசரமாகக் கூரையைப் பார்த்தார்.

மேலதிகாரி ரேடியோ பக்கம் திரும்பினார். குரல் கெஞ்சியது.

"யோவ்... இது இந்த ரூமைத் தாண்டக் கூடாதுய்யா!"

ரேடியோ விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தான்.

"கவலையே படாதீங்க ஐயா! இன்னைக்கு நியூஸ் முடிஞ்சுபோச்சு... இது நாளைக்கு!"